மதுரைக்கு மாற்றலாகி வருகிறவர்களே, ஒத்திக்கு வீடு பிடிக்கும் முன் இதைப் படியுங்கள்

வேலை மாற்றலில் மதுரைக்குக் குடிவரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு வீட்டைப் பிடித்தாக வேண்டும் என்று மே மாதத்தில் அலைகிறவர்களுக்கு. எங்களிடம் ஏழு லட்சம் ரூபாய் ஒத்திப் பணம் (லீஸ், போக்கியம் என்பார்களே, அதுதான்) வாங்கிய வீட்டு உரிமையாளர், அந்த வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தேதான் வாங்கினார். எங்களை அங்கே கூட்டிப்போன புரோக்கருக்கும் அது தெரியும். பெயர்களை இங்கே எழுதவில்லை, காவல்துறையில் கொடுத்த மனுவில் எழுதியிருக்கிறோம். நடந்த விதத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இதே வழியில் இன்னொரு குடும்பம் மாட்டிக்கொள்ளக் கூடாது.

எனக்குக் கரூரிலிருந்து மாற்றல். அலுவலகம் இலந்தைக்குளம் ஐ.டி. பூங்கா பக்கம். என் கணவருக்கு வடபழஞ்சியில் வேலை அமைந்தது. மதுரையைத் தெரிந்தவர்களுக்கு இதிலேயே சிக்கல் புரிந்துவிடும். ஒன்று மாட்டுத்தாவணியைத் தாண்டி, இன்னொன்று நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி. இரண்டுக்கும் நடுவில் முழு ஊரும் வைகையும் கிடக்கின்றன. எங்கே குடியிருந்தாலும் ஒருவர் காலையும் மாலையும் ஊரைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. சின்னவன் அப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போகவிருந்தான்.

புரோக்கர் எங்கள் நிலைமையை முதல் நாளே முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் ஏரியாவைப் பற்றித்தான். கே.கே.நகர், அண்ணா நகர் என்றால் எனக்கு வசதி, ஆனால் எங்கள் பட்ஜெட்டுக்குத் தரைத்தளத்தில் கிடைக்காது. எஸ்.எஸ்.காலனி, காளவாசல் பக்கம் போனால் என் கணவருக்குச் சுலபம், எனக்குத் தினமும் கோரிப்பாளையம் நெரிசல். அவனியாபுரத்தில் வாடகை குறைவு, ஆனால் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கின் புகை காற்றடிக்கும் திசையைப் பொறுத்து வீட்டுக்குள்ளேயே வரும். இதில் எதுவும் பொய்யில்லை. ஊரைப் பற்றி அவர் சொன்ன எல்லாமே உண்மையாக இருந்ததால்தான், வீட்டைப் பற்றிச் சொன்னதும் உண்மையாக இருக்கும் என்று தோன்றியது.

கடைசியில் அவர் கொண்டுபோய் நிறுத்தியது நத்தம் ரோட்டுப் பக்கம். "பாலம் வந்தப்புறம் இங்குட்டு ரேட்டு ஏறிக்கிட்டே இருக்கும்மா, அடுத்த வாரம் வந்தீங்கன்னா இந்த வீடு இருக்காது" என்றார். தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் 2023 ஏப்ரலில் திறந்தார்கள். அதிலிருந்து அந்தப் பக்கம் ஊருக்குள் வந்துபோவது நிஜமாகவே எளிதாகிவிட்டது. தரைத்தளம், இரண்டு படுக்கையறை, போர் தண்ணீர் அவ்வளவாக உப்புக் கரிக்கவில்லை. வாடகை என்றால் மாதம் 15,000, ஒத்தி என்றால் ஏழு லட்சம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: போக்கியம், லீஸ் என்று மற்ற ஊர்களில் சொல்வதைத்தான் இங்கே பெரும்பாலும் ஒத்தி என்கிறார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்வது. இந்த ஊரில் ஒத்தியிலேயே பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவைத்து, காசு குறையாமல் திரும்ப வாங்கிப் போனவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எனவே ஒத்தி என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் மாத வாடகையை வேண்டாம் என்று சொல்லி, மொத்தப் பணத்தை உடனே கேட்கிறார் என்றால் அவருக்கு எங்கோ பணம் முட்டுகிறது என்று அர்த்தம். எங்கே முட்டுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் பணத்தை நகர்த்தக் கூடாது.

நாங்கள் காகிதம் பார்க்காமல் பணம் கொடுக்கவில்லை. மின் இணைப்பு அட்டை, வீட்டு வரி ரசீது இரண்டிலும் உரிமையாளர் பெயர்தான் இருந்தது. கிரயப் பத்திரத்தின் கலர் நகல் காட்டினார். அசல் பத்திரம் சென்னையில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது என்றார். வில்லங்கச் சான்றும் (அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களைக் காட்டும் பதிவுத்துறைச் சான்று) நாங்கள் கேட்டதும் மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார். அதில் 2013-ல் அவர் அந்த வீட்டை வாங்கிய கிரயம் ஒன்று மட்டுமே இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

ஏமாற்று அந்தத் தாளில்தான் இருந்தது. வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தேட வேண்டும் என்று நாம்தான் கொடுப்போம். அந்தக் காலத்தில் நடந்த பதிவுகள் மட்டும்தான் சான்றில் வரும். அவர் எங்களுக்குக் கொடுத்த சான்று 2016 டிசம்பரோடு முடிகிறது. வீட்டை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியது 2018-ல். சான்றின் மேல்பகுதியில், சர்வே எண்ணுக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் அந்தத் தேதிகள் இருக்கின்றன. சீலும் பார்கோடும் உள்ள அசல் அரசாங்கச் சான்றுதான். போலிப் பத்திரம் அடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தேதியை வெட்டினால் போதுமாக இருந்தது. கேட்ட மறுநாளே எடுத்துக் கொடுத்தார் என்றால் எங்களுக்கு முன்பும் யாருக்கோ காட்டுவதற்காகத் தயாராக வைத்திருந்திருக்கிறார்.

ஒத்திப் பத்திரம் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்தோடு முடிந்தது. பதிவு செய்யலாமே என்று என் கணவர் கேட்டார். "எதுக்கு சார் வீண் செலவு? இங்க யாரும் பதியிறதில்லை, அண்ணன் நம்ம ஆளு" என்று புரோக்கர்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். மூன்று லட்சத்தை ரொக்கமாகக் கேட்டார்கள். மீதி வங்கி மூலம் போனது.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். கேட்டுக்கு வெளியே இரண்டு பேர், கையில் பசை டப்பா. மாமியார் மட்டும்தான் வீட்டில். யார் என்னவென்று அவர் கேட்பதற்குள் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டீஸை ஒட்டி, வீடு தெரிகிற மாதிரி ஒரு படம், நோட்டீஸ் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். "நீங்க வீட்டு ஓனரா பாட்டி?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இல்லை, ஒத்திக்கு இருக்கிறோம் என்று அத்தை சொன்னதும் அந்த மனிதர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு, "பையனை உடனே பேங்குக்கு வரச் சொல்லுங்க" என்று கிளை முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அத்தை அதற்குப் பிறகு இரண்டு வேளை சாப்பிடவில்லை. தன் நகையை விற்றுக் கொடுத்த பணமும் அந்த ஏழு லட்சத்தில் இருந்தது.

வங்கியில் தெரிந்த விவரம் இது. கடன் வாராக்கடனாகி, சர்ஃபாசி சட்டப்படி (கடன் கட்டாதவர் அடமானம் வைத்த சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம்) 60 நாள் கெடு கொடுக்கும் முதல் நோட்டீஸ் உரிமையாளருக்குப் போனது முந்தைய மார்ச்சில். எங்களோடு அவர் கையெழுத்துப் போட்டது மே மாதத்தில். அந்த நோட்டீஸ் கையில் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ 2002-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் அவரை அனுமதிக்கவில்லை. சுவரில் ஒட்டியது அடுத்த கட்டம், வீட்டைக் கையகப்படுத்தும் நோட்டீஸ். அதை வீட்டில் ஒட்டுவதோடு இரண்டு நாளிதழ்களிலும் போட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு விலாசத்தைத் தமிழ் பேப்பரில் அந்த மாதிரி பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல வார்த்தையில்லை.

உரிமையாளர் முதலில் "பேங்குல செட்டில்மெண்ட் பேசிக்கிட்டு இருக்கேம்மா, பயப்படாதீங்க" என்றார். அப்புறம் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். மேல் மாடியில் இருக்கும் ராமநாதபுரத்துக் குடும்பமும் அவரிடம் ஒத்திப் பணம் கொடுத்தவர்கள்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்களிடம் எங்களை வாடகைக்கு வந்தவர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார். எங்களிடம் அவர்களைப் பற்றி அதையே சொல்லியிருக்கிறார்.

புரோக்கர் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தெருமுனை மளிகைக் கடை அக்கா நோட்டீஸ் ஒட்டிய அன்று சாயங்காலம் வந்து சொன்னார்: "போன சித்திரைக்கு முன்னாடியே பேங்க்காரங்க வந்து ஓனரைக் கேட்டுட்டுப் போனாங்கம்மா. அந்தப் புரோக்கரும் அப்ப இங்கனதான் நின்னாரு." வீடு பார்த்த நாட்களை யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவருடைய காரிலேயே கூட்டிவந்தார், வாசலில் இறக்கினார், பார்த்து முடித்ததும் அதே காரில் ஏற்றிக்கொண்டு போனார். பால் எங்கே வாங்குவது என்று கடையில் கேட்கலாம் என்று நான் இறங்கப் போனபோதுகூட, "அதெல்லாம் நான் சொல்றேன், நேரமாச்சு" என்று கதவைச் சாத்தினார். அந்தத் தெருவில் யாரோடும் எங்களை நிற்கவிடக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்.

எனவே வீடு பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, புரோக்கர் இல்லாமல் அந்தத் தெருவுக்குத் தனியாகப் போங்கள் என்பதுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், நடந்து. மளிகைக் கடையில், இஸ்திரி போடுகிற வண்டியில், தண்ணீர் கேன் போடுகிற தம்பியிடம் கேளுங்கள். மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், அந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள், வீட்டைத் தேடி யாராவது வந்தார்களா என்று எல்லாவற்றையும் கேளுங்கள். மதுரை ஜனங்கள் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அந்த மாதிரி விஷயம் எந்தப் புரோக்கர் வாயிலிருந்தும் வராது, எதிர்வீட்டுப் பாட்டி சொல்லிவிடுவார்.

வில்லங்கச் சான்றை உரிமையாளர் கையிலிருந்து வாங்காதீர்கள். பத்திர எண்ணும் சார்பதிவாளர் அலுவலகமும் தெரிந்தால் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். முடிவுத் தேதியில் பணம் கொடுக்கும் நாளைப் போடுங்கள். "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு ஆவணம்" என்று ஒரு பதிவு வந்தால் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு "இரசீது ஆவணம்" என்று ஒன்று வந்திருந்தால்தான் கடன் அடைந்தது. எங்கள் வீட்டுக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்தக் காரணத்தையும் ஏற்காதீர்கள். தங்கை வீடு, லாக்கர் சாவி, லேமினேஷனுக்குக் கொடுத்தது என்று எதைச் சொன்னாலும் சரி.

ஒத்தி என்பது சட்டத்தில் அனுபவ அடமானம், அதாவது பணம் கொடுத்தவர் அது திரும்பி வரும்வரை சொத்தை அனுபவித்துக்கொள்ளும் அடமானம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேல் போகும் அந்த அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். நோட்டரி கையெழுத்து அதற்கு ஈடாகாது. பதிவுச் செலவு கனமாகத்தான் இருக்கும், ஆனால் பதியப் போனால் அங்கேயே வில்லங்கம் வெளியே வந்துவிடும் என்பதால்தான் இப்படிப்பட்டவர்கள் பதிய வேண்டாம் என்கிறார்கள். ரொக்கமாகவும் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ வைப்பாகவோ ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. எங்கள் மூன்று லட்சத்துக்கு இன்று ஆதாரம் அந்தப் பத்திரத்தில் எழுதியுள்ள ஒரு வரி மட்டும்தான்.

என்னைக் கேட்டால், புதிதாக வருகிறவர்கள் முதல் வருடம் வாடகைக்கே இருங்கள். ஊர் பிடிபடட்டும், எந்த ரோடு எந்த நேரத்தில் அடைக்கும் என்று தெரியட்டும், ஆட்கள் பழகட்டும். மொத்தப் பணத்தை அதற்குப் பிறகு இறக்கலாம். நாங்கள் இப்போது புதூரில் வாடகைக்கு இருக்கிறோம். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்திருக்கிறோம். வீட்டுக்கு உரிமையாளரான அம்மாவே அதைச் செய்துவிடலாம் என்று சொன்னார்.

மேல் மாடிக் குடும்பமும் நாங்களும் சேர்ந்து மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. பணத்துக்காக உரிமையாளர் மேல் தனியாக சிவில் வழக்கும் போட்டிருக்கிறோம். ஏற்கெனவே ஒத்தியில் குடியிருப்பவர்கள், வீடு நன்றாக இருக்கிறது, ஓனர் நல்லவர் என்று விட்டுவிடாமல் இன்றைய தேதிவரை வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள். சுவரில் நோட்டீஸ் விழுந்துவிட்டால் ஓனர் சொல்லும் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். கையகப்படுத்தும் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான் அவகாசம். அந்தத் தீர்ப்பாயம் மதுரையிலேயே இருக்கிறது. குடியிருப்பவர்களும் அங்கே தங்கள் உரிமையைச் சொல்லி மனுப் போடலாம். போகும்போது ஒத்திப் பத்திரம், பணம் போன வங்கிக் கணக்கு விவரம், அந்த விலாசத்துக்கு வந்த மின் கட்டண ரசீதுகள், நோட்டீஸ் ஒட்டிய அன்று எடுத்த படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வங்கி வழக்கு நடத்துகிற வக்கீலாகப் பார்த்துப் போங்கள்.