குன்னூரில் ஜிம் மாஸ்டரிடம் பவுடர் வாங்குகிறீர்களா? டப்பாவை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்

3,800 ரூபாய் போய்விட்டது. வருமா என்று தெரியவில்லை. இங்கே ஜிம்முக்குப் போகிற மற்ற பையன்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படுத்துக்கொண்டு பளு தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் 40 கிலோ வைத்தால் பதினான்கு ரெப் (தடவை) வரை போவேன், அதற்கு மேல் கை செத்துவிடும். இதைப் பார்த்த மாஸ்டர், "தம்பி, உனக்கு தம் பத்தல" என்று அலமாரியிலிருந்து தம் கூட்டும் பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பணம் அவருடைய சொந்த ஜிபேக்குப் போனது. பில் கேட்கக் கூச்சமாக இருந்தது. தினமும் முகம் பார்க்கிற ஆளிடம் எப்படிக் கேட்பது?

வீட்டில் திறந்தால் உள் சீல் ஓரத்தில் தூக்கியிருந்தது. பவுடர் கட்டி கட்டியாக இருந்தது, ஸ்கூப்பால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. போன் செய்தேன். "நம்ம ஊர் ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும்பா" என்றார். நம்பிவிட்டேன். ஜூலையில் எங்கள் வீட்டு உப்பு ஜாடியும் அந்தக் கதிதானே.

குடித்த அரை மணியில் உதட்டிலும் காதிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது. "பவர் ஏறுது" என்றார் மாஸ்டர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதுதான் வெட்கம். இரவு இரண்டு மணி வரை தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும். பத்தாம் நாள் அக்கா டப்பாவைப் பிடுங்கினாள். அவள் மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறாள்.

"டேய், எது எவ்வளவுன்னு எங்கடா போட்டிருக்கு?"

போடவில்லை. ஒரு ஸ்கூப் 12 கிராம், 'எண்டூரன்ஸ் மேட்ரிக்ஸ்' என்று கலவைக்கு ஒரு பெயர். அதற்குக் கீழே பீட்டா அலனைன், சிட்ருலின், காஃபீன் என்று வெறும் பெயர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணை விரல் வைத்து எண்ணினாள். பதின்மூன்று இலக்கம். உண்மையான எண்ணில் 14 இருக்கும். அப்புறம் காலாவதித் தேதி ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக இருப்பதைப் பார்த்தாள். டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆவியில் டப்பாவைக் காட்டி, நகத்தால் மெதுவாக உரித்தாள். அடியில் அச்சிட்ட தேதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த எறும்பு ஊர்வது பீட்டா அலனைன் செய்கிற வேலை. ஆபத்தில்லை, ஆனால் பவரும் இல்லை. தசையில் கார்னோசின் என்ற பொருள் சேர்ந்தால்தான் அதனால் பலன், அதற்கு தினமும் 4 முதல் 6 கிராம் வரை சில வாரங்கள் எடுக்க வேண்டும். 1.6 கிராமாகப் பிரித்து எடுத்தால் அந்த எறும்பு ஊர்வதும் குறையும். பலன் தெரிவதும் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நிமிடம் நீளும் கடும் முயற்சிகளில்தான். என் பதினான்கு ரெப் முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும்! படபடப்புக்குக் காஃபீன் காரணமாக இருக்கலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே தடவையில் 200 மில்லிகிராம் வரை கவலையில்லை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். அளவே போடாத டப்பாவில் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? ரெப் பதினேழானது உண்மைதான். ஆனால் மூன்று மாதம் முன்பு நான் எட்டுதான் தூக்கினேன், பவுடர் இல்லாமலே பதினான்குக்கு வந்தவன்.

ஸ்டிக்கரைக் காட்டியதும் மாஸ்டரின் குரல் மாறியது. "சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது தம்பி. கம்பெனிக்காரன் ஒட்டினதுக்கு நான் என்ன பண்றது?" கம்பெனி எது என்று கேட்டேன். பதில் இல்லை.

1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், புகார் எண் கொடுத்தார்கள். முதலில் கேட்டது பில்தான். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் டப்பாவின் நான்கு பக்கப் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். உரித்த ஸ்டிக்கரை அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். இரண்டு வாரமாகிறது, நிலை 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது.