ஜியோகேஷிங் சங்கேதப் புதிர்: டிகோடர் தளமா, தாளும் பென்சிலுமா?

ஜியோகேஷிங் என்பது யாரோ ஒளித்துவைத்த பெட்டியை (கேஷ்) ஜிபிஎஸ் கொண்டு தேடும் விளையாட்டு. அதில் மிஸ்டரி கேஷ் என்ற புதிர்ப் பெட்டி ஒன்றின் பக்கத்தைத் திறந்தால், வரைபடம் காட்டும் இடத்தில் பெட்டி இருக்காது. உண்மையான ஆயத்தொலைவு, அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள், அந்தப் பக்கத்தில் உள்ள சங்கேதத்துக்குள் ஒளிந்திருக்கும். அதை உடைக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வழிகள். எழுத்துகளை நகலெடுத்து டிகோட், சைபர்செஃப், க்விப்கிப் போன்ற தளங்களில் ஒட்டுவது ஒன்று. கட்டம் போட்ட தாள், பென்சில், அழிப்பான், நாலைந்து அட்டவணைகளோடு உட்காருவது இன்னொன்று. முதல் இருபது புதிர்களுக்காவது தாள்தான் என்பது என் கட்சி. வேகத்துக்காகச் சொல்லவில்லை. வேகத்தில் தளத்தை யாராலும் மிஞ்ச முடியாது.

தளங்களின் பலத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். ஒவ்வோர் எழுத்தையும் அகரவரிசையில் ஒரே அளவு தள்ளி எழுதும் சீசர் முறையில் மொத்தம் 25 நகர்வுகள்தான்; அத்தனையையும் ஒரே சொடுக்கில் காட்டிவிடும். பேஸ்64, ஹெக்ஸ், நீளமான பைனரி போன்ற கணினிக் குறியீடுகளைக் கையால் பிரிப்பது வீண் உழைப்பு. சைபர்செஃப் பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஎச்க்யூ 2016இல் வெளியிட்ட கருவி. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஆகவே "காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது" என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது. கேஷ் பக்கத்துக் குறிப்புகளுக்குப் பயன்படும் ராட்13க்கு (எழுத்துகளை 13 இடம் தள்ளும் சீசர் முறை) எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அதில் எண்கள் மாறாமல் அப்படியே நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: விடையில் பாதி உங்களுக்கு முன்பே தெரியும். ஒட்டப்பட்ட எழுத்துகளைப் பார்க்கும் தளத்துக்கு அது தெரியாது.

ஜியோகேஷிங் ஆயத்தொலைவு டிகிரியும் தசம நிமிடமுமாக எழுதப்படுகிறது. அட்சரேகைக்கு 7 இலக்கம், தீர்க்கரேகைக்கு 8, ஆக 15. அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்து பெட்டி வழக்கமாக 2 மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 3.2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது சுமார் 1.85 கிலோமீட்டர். எனவே டிகிரியின் 5 இலக்கங்கள் அநேகமாக மாறாது. அட்சரேகை நிமிடமும் இரண்டுக்கு மேல் விலகாது. டிகிரிக் கோட்டை ஒட்டிய கேஷ் மட்டும் விதிவிலக்கு.

இதைச் சங்கேதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பல புதிர்கள் ஆயத்தொலைவை ஆங்கில எண்சொற்களாக எழுதித்தான் மறைக்கின்றன. ஜீரோ முதல் நைன் வரையிலான பத்துச் சொற்களிலும் சேர்த்து வருபவை வெறும் 15 ஆங்கில எழுத்துகள். உதாரணமாக, வடக்கு 48, கிழக்கு 016 என்று எடுத்துக்கொள்வோம். ஃபோர், எய்ட், ஜீரோ, ஒன், சிக்ஸ் ஆகிய ஐந்து சொற்கள் அந்த 15இல் 13 எழுத்துகளைத் தந்துவிடுகின்றன. மிஞ்சுவது டபிள்யூவும் வியும் மட்டுமே. டூவில் நடு எழுத்தும், ஃபைவிலும் செவனிலும் ஒரே ஓர் எழுத்தும் காலியாக நிற்கும். பார்த்த மாத்திரத்தில் நிரப்பிவிடலாம். எளிய பதிலீட்டுச் சங்கேதம், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் எப்போதும் ஒரே மாற்றெழுத்து வருவது, என்றால் புதிர் அங்கேயே முடிந்தது.

எளிய பதிலீடுதானா என்று சோதிக்கவும் இதே வழி உதவும். சொல்லிடைவெளியை எடுத்துவிட்டு நார்த், ஃபோர், எய்ட் என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதினால் 14 எழுத்துகள். அவற்றில் 2ஆம் எழுத்தும் 7ஆம் எழுத்தும் ஒன்று. 3ம் 9ம் ஒன்று. 4ம் 14ம் ஒன்று. 5ம் 13ம் ஒன்று. சங்கேதத்தின் முதல் 14 எழுத்துகளில் இந்த நான்கு இணைகளும் பொருந்தினால் தொடக்கத்தைப் பிடித்துவிட்டீர்கள். பொருந்தாவிட்டால், 'நார்த்' இல்லாமல் நேரே எண்ணில் தொடங்குகிறதா, முன்னால் வேறு வாக்கியம் இருக்கிறதா என்று ஓர் எழுத்தாகத் தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள். எங்கும் பொருந்தவில்லை என்றால் அது எளிய பதிலீடாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

தானாகத் தீர்க்கும் தளங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. சாதாரண ஆங்கில நடையில் எந்த எழுத்து எவ்வளவு வரும் என்ற புள்ளிக்கணக்கே அவற்றின் அடிப்படை. அந்த நடையில் 'இ' (E) என்ற எழுத்து சுமார் 12.7 விழுக்காடு. பத்து எண்சொற்களின் 40 எழுத்துகளில் அது 9 முறை வருகிறது, அதாவது 22.5 விழுக்காடு. வழக்கமாக முன்வரிசையில் நிற்கும் 'ஏ' (A) ஒருமுறைகூட வராது. கண்ணை மூடி எடுக்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பைச் சொல்லும் ஒத்திசைவுக் குறியீடும் அப்படியே: சாதாரண ஆங்கிலத்துக்கு 0.067, பத்து எண்களும் சம அளவில் வந்தால் எண்சொற்களுக்கு 0.105. மொத்தமே அறுபது சொச்சம் எழுத்துகள் உள்ள பத்தியில் இவ்வளவு விலகல் இருந்தால், தளம் அர்த்தமுள்ளதுபோலத் தோன்றும் ஏதோ ஒரு வாக்கியத்தை நீட்டிவிடும். தெரிந்த சொற்களை நீங்களே கொடுத்தால் அது சரியாகத் தீர்க்கும், உண்மைதான். ஆனால் எதைக் கொடுப்பது, எங்கே வைப்பது என்பதைக் கற்றுத்தருவது தாள்.

சொல்லிடைவெளி விட்டிருந்தால் இன்னும் எளிது. ஐந்தெழுத்து எண்சொல்லின் கடைசி இரண்டும் ஒன்றாக இருந்தால் த்ரீ. இரண்டாவதும் நான்காவதும் ஒன்றானால் செவன். ஐந்தும் வேறு வேறானால் எய்ட். நான்கெழுத்தில் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றானால் நைன்.

விஜெனேர் முறையில் ஒரு திறவுச்சொல்லின் எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வோர் எழுத்தையும் வெவ்வேறு அளவு தள்ளும். அதற்கும் இதே பிடிதான். சங்கேதத்தின் முதல் 14 எழுத்துகளிலிருந்து, தெரிந்த அந்த 14 எழுத்துகளைக் கழியுங்கள்: ஏ என்பதை 0, இசட் என்பதை 25 என்று வைத்து, கழித்தது எதிர்மறையானால் 26 கூட்டுங்கள். கிடைப்பது திறவுச்சொல். அது 7 எழுத்துக்குள் இருந்தால் முழுமையாக இரண்டு முறை திரும்பிவரும். அப்படி வருவதே நீங்கள் சரியாகச் செய்ததற்குச் சாட்சி. பெரும்பாலும் அந்தச் சொல் கேஷின் தலைப்பிலோ விவரிப்பிலோ கண்முன்னேயே கிடக்கும். பாடப்புத்தகங்கள் சொல்லும் கசிஸ்கி முறை, அதாவது திரும்பிவரும் துண்டுகளின் இடைவெளியை அளப்பது, அறுபது எழுத்தில் அவ்வளவாகக் கைகொடுக்காது.

அடுத்து, தளங்களில் அமைதியாக நடக்கும் பிழைகள். புதிர் போட்டவர் எடுத்த அட்டவணையும் தளத்தின் அட்டவணையும் வேறாக இருக்கலாம். ஏ என்பது 1ஆ 0ஆ, ஒவ்வோர் எழுத்தையும் இருவகைக் குறிகள் ஐந்தால் எழுதும் பேக்கன் முறையில் 24 எழுத்தா 26ஆ, எழுத்தை வரிசை எண், நிரை எண்ணால் குறிக்கும் பாலிபியஸ் கட்டத்தில் ஐயும் ஜேயும் ஒரே கட்டத்திலா, கோடுகளாலும் புள்ளிகளாலும் எழுதும் பிக்பென்னில் எழுத்துகள் எந்த வரிசையில்? பிரெய்லில் எண்குறி இல்லாவிட்டால் 1 முதல் 0 வரையிலான எண்கள் ஏ முதல் ஜே வரை எழுத்துகளாகத் தெரியும். ஏ–ஜேக்குள்ளேயே சுழலும் பொருளற்ற எழுத்துக்கூட்டம் வந்தால் அதை எண்ணாகப் படியுங்கள். மோர்ஸ் கோடுகளைச் சொற்செயலி நீள்கோடாக மாற்றியிருந்தால் சில டிகோடர்கள் அவற்றை அடையாளம் காணாது. பேஸ்64இல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கலைந்தால் விடையும் கலையும். இந்த எல்லா இடங்களிலும் தளம் குப்பையைத்தான் காட்டும். புதியவர் "முறையே தப்பு" என்று நினைத்து, சரியான முறையைக் கைவிட்டுப் போய்விடுவார். தன் கையால் அட்டவணை எழுதியவருக்கு அந்த அட்டவணையின் மேல்தான் முதலில் சந்தேகம் வரும்.

தாளின் குறைகளும் சிறியவை அல்ல. படியெடுக்கும்போது ஓர் எழுத்து விட்டுப்போனால் விஜெனேரில் அதற்குப் பிறகு எல்லாமே தவறு. ஒவ்வொரு சங்கேத எழுத்துக்கும் மேலே திறவுச்சொல்லின் எழுத்தை எழுதிவிடுங்கள். தொடங்கும் முன் மொத்த எழுத்துகளை இரண்டு முறை எண்ணுங்கள். 200 எழுத்தைத் தாண்டினால் கை அலுத்துப் பிழை பெருகும்; அங்கே தளத்துக்குப் போவதே புத்திசாலித்தனம். எழுத்துகளைப் பல வரிகளில் (தண்டவாளங்களில்) மேலும் கீழுமாக வளைத்து எழுதி வரிவரியாகப் படிக்கும் ரயில்வேலி முறையில் இரண்டு முதல் ஐந்து தண்டவாளம் வரை கையால் முயலலாம். எழுத்துகளை இணை இணையாக மாற்றும் பிளேஃபேர், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் சங்கேத இயந்திரமான எனிக்மா போன்றவற்றில் தாள்தான் சிறந்தது என்று இதே உறுதியோடு சொல்ல மாட்டேன். தொடக்கநிலைப் புதிர்களில் அவை அதிகம் வருவதில்லை. எனிக்மாவை ஒத்த இயந்திரங்களுக்குக் கருவியே பொருத்தம்.

எந்த வழியில் வந்த விடையானாலும் கிளம்பும் முன் வரைபடத்தில் குத்திப் பாருங்கள். நிமிடத்தின் மூன்றாம் தசம இலக்கம் தவறினால் அட்சரேகையில் 1.85 மீட்டர்தான் பிசகும். இரண்டாம் இலக்கமானால் 18.5 மீட்டர், முதல் இலக்கமானால் 185 மீட்டர். இவை ஒவ்வோர் எண் விலகலுக்குமான அளவு. தீர்க்கரேகையில் துருவத்தை நோக்கிப் போகப்போக இது சுருங்கும். 48 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்குதான். புள்ளி ஏரியின் நடுவில் விழுந்தாலோ 3.2 கிலோமீட்டரைத் தாண்டினாலோ முழுதும் மறுபடி தொடங்க வேண்டாம். உறுதிப்படாத எழுத்தைக் கொண்ட சொல் எதுவோ அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். பக்கத்தில் விடை சரிபார்ப்பான் இருந்தால் கடைசியாக அதில் போடுங்கள். முயற்சிகளுக்கு வரம்பு இருக்கக்கூடும் என்பதால் ஊகங்களை அதில் செலவழிக்காதீர்கள்.