சுண்டலால் தள்ளிப்போன பரிசோதனை

டொரொன்டோவிலிருந்து மூன்று வாரம் லீவு போட்டுக் கும்பகோணம் போயிருந்தேன். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்ததும் பகீரென்றது. ஒன்றரை வருடத்தில் ஒன்பது கிலோ இறங்கியிருந்தாள். சாப்பாட்டில் குறையில்லை, சாப்பிட்டதுதான் உடம்பில் ஒட்டவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். மதியமே ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. கனடாவில் குடல் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்த எனக்கு இது மாயாஜாலம்தான். ஆனால் பி12 குறைவு, டி குறைவு என்று இருந்ததைப் பார்த்து, முதலில் போன இரண்டு டாக்டர்களும் மூன்றே நிமிடத்தில் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏன் குறைந்தது என்று இருவருமே கேட்கவில்லை.

மூன்றாவதாகத் தஞ்சாவூரில் ஒரு குடல் மருத்துவர். டோக்கன் 34, இரண்டே முக்கால் மணி நேரக் காத்திருப்பு. உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, வெளிக்குப் போனா எண்ணெய் மாதிரி மிதக்குதா? தண்ணி ஊத்தினாலும் போகாம ஒட்டிக்குதா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு "ஆமா" என்றாள். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

சர்க்கரை இருபது வருடமாக இருக்கிறது. நெஞ்செரிச்சல் மாத்திரை ஏழு வருடமாக, யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் குறித்துக்கொண்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.

கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலம் செய்கிறது. கொழுப்பைக் கரைத்துக் கொடுப்பது அதன் வேலை, பாத்திரத்துக்குச் சோப்பு மாதிரி. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைக்கோடியில் ஏறக்குறைய 95 சதவீதம் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். ஒரே நாளில் இப்படிப் பலமுறை சுற்றும். பெருங்குடலோடு இருக்க வேண்டிய பாக்டீரியா சிறுகுடலில் மண்டிவிட்டால் வம்பு. பித்த அமிலத்தோடு ஒட்டியிருக்கும் கிளைசின், டாரின் என்ற சிறு மூலக்கூறுகளை அவை கழற்றிவிடும். கழன்ற அமிலம் கொழுப்பைச் சரியாகக் கரைக்காது, பாதி வழியிலேயே உறிஞ்சப்பட்டும் விடும். கரையாத கொழுப்பு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போகும். பி12ஐ பாக்டீரியாவே தின்றுவிடும்.

"ஃபோலேட்டுங்கிற பி வைட்டமின் மட்டும் கூடியிருக்கு பாத்தீங்களா? அதை அந்த பாக்டீரியாதான் தயாரிக்குது." சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும், ஆனால் எண்ணெய் மிதப்பதற்கு அது காரணமில்லை என்றார். வயிற்று அமிலம் கிருமிக்குக் காவல், நெஞ்செரிச்சல் மாத்திரை அதைக் குறைத்துவிட்டது. நாள்பட்ட சர்க்கரை குடலின் ஓட்டத்தை மந்தமாக்கிவிட்டது.

1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற சத்துச் சேரா நோய் கொள்ளைநோயாகவே பரவியதையும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பேக்கர், மாத்தன் என்ற மருத்துவர்கள் அதை ஆராய்ந்ததையும் சொன்னார். அதில் ஃபோலேட்டும் இறங்கிவிடுமாம், அம்மாவுக்கோ அது கூடியிருந்தது. வெளியே 35ஆம் டோக்கன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் மூச்சுப் பரிசோதனை, குடல் பாக்டீரியா விடும் ஹைட்ரஜனை மூச்சில் அளப்பது. "வெறும் வயித்துல வாங்க" என்று மட்டும் பரிசோதனை நிலையத்தில் சொன்னார்கள். முந்தின நாள் பருப்பு, பயறு, காய்கறி எதுவும் கூடாது, வெள்ளைச் சோறு போன்றவைதான் என்பதை யாரும் சொல்லவில்லை. அம்மா முந்தின நாள் சாயங்காலம் கோயில் சுண்டலை வயிறாரச் சாப்பிட்டிருந்தாள். முதல் ஊதலிலேயே ஹைட்ரஜன் ஏகத்துக்கும் காட்ட, திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார் வாடகை தண்டம். ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்?

நான்கு நாள் கழித்து மறுபடி. லாக்டுலோஸ் என்ற சர்க்கரைப் பாகைக் குடித்துவிட்டு, இருபது நிமிடத்துக்கொரு தடவை ஊத வேண்டும். தொண்ணூறு நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினாலே சந்தேகம். அம்மாவுக்கு ஒரு மணி நேரத்திலேயே அதைத் தாண்டிவிட்டது.

இரண்டு வாரம் ரிஃபாக்சிமின் என்ற பாக்டீரியா கொல்லி மாத்திரை, பி12 ஊசி, நெஞ்செரிச்சல் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது. ரிஃபாக்சிமின் விலை கடிக்கத்தான் செய்தது, பத்து கடை ஏறி இறங்கித்தான் முழு கோர்ஸும் கிடைத்தது.

நான் கிளம்பிய அன்று மாத்திரைக்கு ஒன்பதாவது நாள். பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா கொல்லைப்பக்கமிருந்து வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதோரமாகச் சொன்னாள்: "இன்னிக்கு மிதக்கலடா."