நெகிழி, காகிதம், துணி: எந்தப் பை எங்கே தோற்கிறது?

டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு, நெகிழிப் பைக்கு ஆதரவாகப் பேசுவோர் இன்றும் எடுத்துக்காட்டும் ஒன்று. பருத்தித் துணிப்பை, பாலிஎத்திலீன் என்ற நெகிழியால் ஆன சாதாரணப் பைக்குச் சமமாக வேண்டுமானால், பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் 52 முறையும், கணக்கில் எடுத்த எந்த அளவுகோலிலும் பின்தங்காதிருக்க 7,100 முறையும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்றது அந்த ஆய்வு. பருத்திச் சாகுபடிக்குத் தேவைப்படும் நீரையும் உரத்தையும் ஆற்றலையும் எண்ணிப் பார்த்தால், துணிப்பையின் சுமை பெரிதுதான் என்பதை நாம் மறுக்க முடியாது.

ஆனால் வீதியிலும் நீர்நிலையிலும் வீசப்படும் பைகளால் வரும் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. ஏறக்குறைய எல்லாக் குப்பையும் முறையாகச் சேகரிக்கப்படும் நாட்டில் அது நியாயமாக இருக்கலாம். குப்பை திறந்தவெளியில் குவியும் இடங்களிலோ அதுதான் முதன்மையான கேள்வி. நெகிழிப் பை தயாரிப்பில் வெல்கிறது, கைவிட்டபின் தோற்கிறது என்பதே என் மதிப்பீடு.

சில கிராம் எடையே உள்ள அந்தப் பை காற்றில் பறந்து வடிகாலை அடைக்கிறது. வங்கதேசத்தில் 1988, 1998 ஆண்டுகளின் பெருவெள்ளங்களின்போது இவ்வாறு வடிகால்கள் அடைபட்டதால், 2002இல் அந்நாடு மெல்லிய நெகிழிப் பைகளைத் தடை செய்தது. அடைபட்ட நீரில் கொசுக்கள் பெருகுகின்றன. உணவு மிச்சம் ஒட்டிய பையை மாடு அப்படியே விழுங்கும்போது, அது வெளியேற வழியின்றி இரைப்பையில் பந்தாகத் திரள்கிறது. மிதக்கும் பையைச் சொறிமீன் என்று எண்ணி உண்ணும் கடலாமைக்கும் அதே கதிதான். குப்பையோடு சேர்த்துப் பையை எரித்தால் புகைக்கரியும் நச்சு வாயுக்களும் பக்கத்தில் இருப்பவரின் நுரையீரலுக்குள் செல்கின்றன.

வெயிலில் நொறுங்கும் பை மறைந்துவிடுவதில்லை, நுண்துகள்களாகிறது. இத்தாலிய மருத்துவர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துத் தமனியிலிருந்து அகற்றப்பட்ட கொழுப்புப் படிவுகளைச் சோதித்தபோது, 257 பேரில் 150 பேரிடம் பாலிஎத்திலீன் இருந்தது. நுண்நெகிழி காணப்பட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் வாய்ப்பும் பல மடங்கு அதிகமாக இருந்தது. நெகிழிதான் காரணம் என்று இதனால் நிறுவப்படவில்லை; பாலிஎத்திலீன் என்பது பைகளிலிருந்து மட்டுமே வருவதும் இல்லை. ஆயினும் இந்தக் கண்டறிதலை அலட்சியமாகக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

காகிதப் பையின் நிலை இதற்கு நேர் எதிரானது. அதைத் தயாரிக்க மரக்கூழும் நீரும் ஆற்றலும் மிகுதியாகத் தேவை; நனைந்தால் கிழியும் என்பதால், அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு மீண்டும் மீண்டும் பயன்படுத்தவும் முடியாது. ஆனால் தெருவில் விழுந்தாலும் விரைவில் மக்கிவிடுகிறது.

‘மக்கும்’ என்று அச்சிட்ட பைகளைத்தான் நான் மிகவும் சந்தேகிக்கிறேன். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மண்ணிலும் கடலிலும் மூன்று ஆண்டுகள் இருந்த பிறகும் அத்தகைய ஒரு பை பொருள்களைச் சுமக்கும் வலுவோடு இருந்தது. உரமாக மாறும் என்று விற்கப்பட்ட இன்னொரு வகைப் பை கடல்நீரில் மூன்று மாதங்களுக்குள் மறைந்தாலும், மண்ணில் 27 மாதங்களுக்குப் பிறகும் எஞ்சியிருந்தது. அச்சிட்ட சொல்லை நம்பிக் கவலையின்றி வீசுகிறவரின் கையில், இது சாதாரணப் பையைவிடத் தீங்கானது.

துணிபோலத் தோன்றும் விலை குறைந்த பைகள் பலவும் பாலிபுரோப்பிலீன் என்ற நெகிழியால் ஆனவை. பருவநிலைக் கணக்கில், ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய பைக்கு நிகராக இதைப் 11 முறை பயன்படுத்தினால் போதும் என்று இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் மதிப்பிட்டது. இதைத் துணி என்று எண்ணி மக்கவிடுவதுதான் பிழை.

ஏற்கெனவே வீட்டிலுள்ள பழைய துணியில் தைத்த பைக்கு முதலில் சொன்ன 7,100 என்ற எண் பொருந்தாது, ஏனெனில் அதற்காகப் புதிதாகப் பருத்தி விளைவிக்கப்படுவதில்லை. அதனால் என் தேர்வு அதுவே. ஒரு கவனம் மட்டும் தேவை: பச்சை இறைச்சியின் நீர் கசிந்த பையில் கிருமிகள் பெருகும் என்பதால், இறைச்சிக்குத் தனிப் பை வைத்து, ஒவ்வொரு முறையும் துவைத்து நன்றாக உலர்த்த வேண்டும்.