பெட்ரோல் பங்க் வழக்கு: உயர் நீதிமன்றமா, பசுமைத் தீர்ப்பாயமா?

நெரிசலான தெருவில் பெட்ரோல் பங்க் வரப்போகிறது, எங்கே முறையிடுவது? ஆட்சியர் தந்த தடையில்லாச் சான்றிதழே முறையற்றது என்பது வாதமானால், உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு (அரசு அதிகாரியின் ஆணையை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு).

பள்ளி, வீடுகளுக்கு மிக அருகில் பங்க் வருவதுதான் பிரச்சினை என்றால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கே நான் போவேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல்படி, பள்ளி, 10 படுக்கையாவது உள்ள மருத்துவமனை, குடியிருப்பு மண்டலம் ஆகியவற்றிலிருந்து புதிய பங்க் 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இடநெருக்கடி என்றால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர். அதற்கும் குறையக் கூடாது. அளப்பது பங்க்கின் மதில்சுவரிலிருந்து அல்ல (பலர் சறுக்குவது இங்கேதான்). பங்க்கின் தொட்டியில் எண்ணெய் நிரப்பும் வாய், விநியோக இயந்திரம், காற்றுப்போக்கிக் குழாய், இவற்றில் எது அருகிலோ அதிலிருந்து. ஆனால் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடக் கெடு ஆறு மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். ரிட்டுக்குச் சட்டக் கெடு இல்லை, தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள்.