சின்ன வெங்காயம்: நம் ஈரக் காற்றுக்கு எந்த வழி ஒத்து வரும்?

2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. மறு ஆண்டு மே மாதம்தான் தடை விலகியது. அந்த மாதங்களில் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் கடைகளில் விலையைக் கேட்டுவிட்டுத்தான் வெங்காயத்தைக் கூடையில் போட்டோம். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் சின்ன வெங்காயம் போட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. அதிலிருந்து நான்கு போகம் எடுத்துவிட்டேன். விதை, காய், பாத்தி, பை, வெயில், நிழல் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. இந்த ஊரில் வெங்காயத்தை வளர்ப்பது பெரிய கஷ்டமில்லை. பிடுங்கிய பிறகு காய வைப்பதில்தான் விளைச்சல் கைவிட்டுப் போகிறது. அதனால் எந்த வழியை எடுத்தாலும், கடைசியில் காய் நன்றாகக் காயுமா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் நான் எடை போடுகிறேன்.

விதையா, காயா?

விதையில் நோய் குறைவு என்பது உண்மைதான். காயை நட்டால் அடியழுகல் பூஞ்சை அந்தக் காயோடு சேர்ந்தே பாத்திக்கு வந்துவிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் விதை பிடிக்கும் சின்ன வெங்காயம். ஆனால் விதை போட்டு, நாற்று விட்டு, 40, 45 நாள் கழித்துப் பிடுங்கி நட்டு, அதற்குப் பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நூல் மாதிரி இருக்கும் அந்த நாற்று நம் ஊர் மாலை மழையில் ஒரே நாளில் படுத்துவிடுகிறது. மிச்ச விதையை அடுத்த வருடத்துக்கு வைக்கலாம் என்றால், ஈரக் காற்றில் வெங்காய விதையின் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும்.

காய் நட்டால் 60 முதல் 70 நாளில் அறுவடை. மழை இடைவெளி சிறிதாக இருக்கும் ஊருக்கு இதுதான் சரி. ஒரு காய் பிரிந்து ஐந்தாறு காயாவது தரும். கடையில் வாங்கிய காயும் முளைக்கும். ஆனால் அறுவடை முடிந்து இரண்டு மூன்று மாதம் உறங்கிய காயாக இருக்க வேண்டும். குறுக்கே வெட்டிப் பாருங்கள், நடுவில் பச்சைக் குருத்து பாதிக்கு மேல் ஏறியிருந்தால் நடலாம். அவசரம் என்றால் நுனியில் கால் பங்கை வெட்டி, வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள். இந்தோனேசியாவில் விவசாயிகள் இப்படித்தான் முளைப்பை முடுக்கிவிடுகிறார்கள்.

வகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ரகங்களின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றுக்கு நீண்ட பகல் வேண்டும். நமக்கு வருடம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான். தாள் வளரும், காய் திரளாது. இந்திய, தாய்லாந்து, ஜாவா காய்கள் இங்கே பழகிக்கொள்ளும். நம் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டியும் பிஏடபிள்யூ 1, 2, 3 என்று மூன்று வகைகளை அறிமுகப்படுத்தியிருக்கிறது. நடவுக்காய் கிடைத்தால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாத்தியா, பையா?

பாலிபேக்கில் ஒரு வசதி உண்டு. மழை வந்தால் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடலாம். 12 அங்குலப் பையில் ஐந்து காய் தாராளமாக நடலாம். இடமில்லாத அடுக்குமாடி வீட்டுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் கறுப்புப் பை மதிய வெயிலில் கொதிக்கிறது, என் பையில் காய் கோலிக்குண்டு அளவுக்கு மேல் போனதில்லை.

எனக்குப் பிடித்தது மேட்டுப்பாத்தி. ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம், முழங்கால் பாதி உயரம். மேலே மூங்கிலை வளைத்துத் தெளிவான பிளாஸ்டிக் கூரை, பக்கவாட்டில் காற்று தாராளமாகப் புகவேண்டும். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 120 காய் பிடிக்கும். அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நடவுக்காய் போதும். தோட்டத்து மண் பெரும்பாலும் புளிப்பு மண். அதனால் நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்புத் தூளும் மக்கிய கோழி எருவும் கலந்துவிடுகிறேன். காய்ந்த லாலாங் புல்லை மூடாக்காகப் போட்டால் மழைத்துளி மண்ணைத் தாளில் தெறிக்காது. ஊதாப்புள்ளி நோயும் தாளை முறுக்கிப் போடும் நோயும் ஈரமான தாளில்தான் வேகமாகப் பரவுகின்றன.

உரத்தில் ஒரு எச்சரிக்கை. 40 நாளுக்குப் பிறகு யூரியா, கோழி எரு எதுவும் வேண்டாம். தாள் பச்சைப்பசேல் என்று நிற்பதைப் பார்த்து மனம் குளிரும். ஆனால் கழுத்து தடித்துவிடும். தடித்த கழுத்து காயவே காயாது, அழுகல் அங்கேதான் தொடங்கும்.

சீக்கிரம் பிடுங்குவதா, பொறுத்திருப்பதா?

தாள் எல்லாம் காய்ந்த பிறகு பிடுங்கு என்று ஒரு கட்சி. அது வறண்ட ஊருக்குப் பொருந்தும். இங்கே முழுதாகக் காயும் வரை விட்டால் ஒரு மழையில் காய் மறுபடி வேர் விடும், மேல்தோல் வெடிக்கும். பாத்தியில் பாதிக்கு மேல், முக்கால் பங்குக்குள் தாள் சாய்ந்ததும் நான் பிடுங்கிவிடுகிறேன். அதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

எந்த மாதம் என்பது இன்னும் முக்கியம். எங்கள் பக்கம் ஏப்ரல், மே ஒரு மழை, அக்டோபர், நவம்பர் பெரிய மழை. அறுவடை பிப்ரவரியிலோ ஜூலையிலோ விழும்படி டிசம்பர் தொடக்கத்திலும் மே நடுவிலும் நடுகிறேன். ஒருமுறை ஆசைப்பட்டு ஆகஸ்டு கடைசியில் நட்டேன். வளர்ச்சி அருமை. நவம்பரில் பிடுங்கினேன், காய வைக்க ஒரு முழு நாள் வெயில் கிடைக்கவில்லை.

காய வைப்பது: வெயில், தாழ்வாரம், மின்விசிறி

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. விறகடுப்புக்கு மேலே கம்பு கட்டி, சோளம், வெங்காயம் எல்லாம் தொங்கும். அடுப்புச் சூடும் புகையும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூஞ்சையும் அண்டாது. இப்போது இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் கேஸ் அடுப்பு. அந்தக் கம்புக்கு ஈடான ஒன்றைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் போகத்தில் முன்வாசல் சிமெண்டில் பரப்பினேன். மூன்றாம் நாள் பெரியம்மா வந்து ஒரு காயை எடுத்து அமுக்கிப் பார்த்தார். "காய வைக்கிறேன்னு வேக வச்சிட்டியேம்மா" என்றார். அவர் சொன்னது சரி. சிமெண்டுச் சூட்டில் ஒரு பக்கம் வெந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அந்தக் காய்கள் இரண்டு வாரத்தில் நாறத் தொடங்கின. வெயிலே கூடாது என்பதில்லை. முதல் இரண்டு நாள் காலை வெயில் நல்லது. ஆனால் கித்தான் பைமேல் வரிசையாக அடுக்கி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி போட வேண்டும். தாள் வெயில் குடிக்கட்டும், காய் நிழலில் இருக்கட்டும். ஜாவாவில் வயல் வரப்பில் இப்படித்தான் போடுகிறார்கள். நாலு மணிக்கு உள்ளே எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் போகத்தில் தாழ்வாரத்தில் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டேன். வெயிலில் போட்டதைவிட எவ்வளவோ மேல். இடத்தை அடைக்காது, நாலு பக்கமும் காற்று. ஆனால் இரவில் நம் காற்று ஈரத்தால் கனக்கிறது, பகலில் காய்ந்த கழுத்து விடியலில் மறுபடி நமுத்துப்போகிறது. மூன்று வாரமாகியும் கொத்தின் நடுவில் இருந்த காய்களின் மேல்தோலுக்கு அடியில் கரித்தூள் மாதிரி கறுப்புப் பூஞ்சை. கொத்தைப் பெரிதாகக் கட்டியது என் தவறு.

மூன்றாவதாக அறைக்குள் மின்விசிறி. ஜன்னல் திறந்த அறையில் கயிறு கட்டி, மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் போகாத சிறு கொத்துகளாகத் தொங்கவிட்டு, இரவும் பகலும் விசிறி. 60 வாட் விசிறி ஒரு வாரம் நிற்காமல் ஓடினால் சுமார் 10 யூனிட்தான். பத்தே நாளில் கழுத்து நூலாகச் சுருங்கியது.

இப்போது நான் செய்வது இரண்டையும் சேர்த்துத்தான். இரண்டு காலை, தாள் மூடிய வெயில். அப்புறம் பத்து நாள் விசிறிக் காற்று. கடைசியாக எடுத்த போகத்தில் 3.2 கிலோ பச்சையாகப் பிடுங்கினேன். காய்ந்து நின்றது 2.4 கிலோ. அழுகியது ஒரு கைப்பிடிகூட இல்லை. தாழ்வாரம் மட்டும்தான் உண்டு என்பவர்கள் கொத்தைச் சிறிதாகக் கட்டி, இரவில் மட்டும் உள்ளே எடுத்து விசிறிக்கு முன் மாட்டினாலும் போதும்.

காய்ந்துவிட்டதா என்று தெரிய, கழுத்தை இரு விரலால் உருட்டுங்கள். வழுவழுப்பு இருந்தால் இன்னும் இல்லை. வேர் தொட்டதும் ஒடிய வேண்டும், காய்களைக் கையில் குலுக்கினால் தோல் சலசலக்க வேண்டும். அதற்கு முன் தாளை வெட்டாதீர்கள். பச்சைக் கழுத்தில் விழும் வெட்டு அழுகலுக்குத் திறந்த கதவு. காய்ந்த பிறகு இரண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, வலைப்பையில் போட்டு மாட்டலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம், உருளைக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் நல்ல திரட்சியான கொத்துகளாகப் பார்த்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாளோடே ஒதுக்கி வைக்கிறேன். ஜூலையில் எடுத்தது இப்போது சமையலறை ஜன்னலுக்கு மேல் தொங்குகிறது. டிசம்பர் முதல் வாரம் அதுதான் பாத்திக்குப் போகும்.