வகுப்பறைச் சுவருக்கு எது நல்லது: சார்ட்டா, ஃப்ளெக்ஸா, துணியா, பெயிண்டா?

ஜூன் பிறந்தால் ஈரோடு, திருப்பூர் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். “ஃப்ளெக்ஸ் அடிச்சுட்டா அஞ்சு வருசத்துக்குக் கவலை இல்லீங்க டீச்சர்” என்பார் ஒருவர். “பிள்ளைகளே சார்ட் எழுதட்டும் சார்” என்பார் அடுத்தவர். பனியன் கம்பெனிக்காரர் துணி தருவார். நன்கொடை கிடைத்தால் பெயிண்ட். செலவு, அழகு, வேலைப்பளு எல்லாம் அலசுவோம். எது எப்படி எரியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சார்ட். ஒரே காகிதம்தான், மாட்டும் விதத்தில் எல்லாம் மாறிவிடும். நான்கு ஓரமும் சுவரோடு அழுந்த ஒட்டிய தாளுக்குப் பின்பக்கம் காற்று கிடையாது. தீ மெதுவாகத்தான் நகரும். தொங்கும் தாளுக்கு இரண்டு பக்கமும் காற்று. அடியில் பற்றினால் நொடியில் உச்சிக்கு ஏறிவிடும். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் முறை) வந்தபோது, அவர்கள் வரைந்த தாள்களைத் தொங்கவிட வகுப்புக்கு வகுப்பு தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தல் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. “அந்த மயிலு நான் வரைஞ்சதும்மா” என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அண்ணாந்து கை நீட்டும்போது அதைக் கழற்ற யாருக்கு மனசு வரும்? ஆனால் தீயை ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் பிள்ளைகளின் தலைக்கு மேலேயே கொண்டுபோக அதைவிடச் சுலபமான வழி இல்லை. கம்பி போதாத இடத்தில் நூல் கட்டி, அதன் நுனியை ட்யூப்லைட் பட்டியிலேயே முடிந்திருப்பார்கள். உள்ளே சூடேறும் சோக், பக்கத்தில் ஃபேன் காற்றில் ஆடும் தாள். மார்ச், ஏப்ரல் வெயிலில் அந்தத் தாள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும்.

ஃப்ளெக்ஸை நான் வகுப்புக்குள் விடவே மாட்டேன். அது பி.வி.சி. பூசிய துணி. எரிந்தால் கரும்புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும். கண்ணும் தொண்டையும் எரியும். கண்ணைத் திறக்க முடியாத ஆறு வயதுப் பிள்ளை வாசலை எப்படிக் கண்டுபிடிக்கும்? தெர்மாகோல் எழுத்துகள் இன்னும் மோசம்: உருகி, எரியும் துளிகளாகக் கீழே சொட்டும்.

துணியில் ரகத்துக்கு ரகம் வித்தியாசம். மெல்லிய பருத்திப் பனியன் துணி சட்டெனப் பற்றும். பாலியஸ்டர் கலந்தது உருகி ஒட்டும். துணிதான் வேண்டுமென்றால் பவானி ஜமக்காளம்போல் கெட்டியாக நெய்த பருத்தியைப் பலகையில் இழுத்து அறையலாம். திரைபோலத் தொங்கவிடக் கூடாது.

சுவரோவியத்தில் எரிவதற்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால் வருஷக்கணக்கில் அதே வாய்ப்பாடு, அதே யானை. பிள்ளை அதைப் பார்ப்பதையே நிறுத்திவிடும்; தன் கைவேலைக்கு அங்கே இடமும் இல்லை. இந்தக் குறையைத் தீர்ப்பது கீழ்மட்டக் கரும்பலகை. அதுவும் செயல்வழிக் கற்றல் தந்ததுதான். இடுப்புயரத்தில் சுவரிலேயே கறுப்புப் பட்டை, பிள்ளைக்கு ஒரு கட்டம், ஒரு துண்டு சாக்பீஸ். தினமும் புதுப் படம், எரிய ஒன்றுமில்லை. அது பெயர்ந்துபோன பள்ளிகளில் முதலில் அதைத் திரும்பப் பூசிவிடுங்கள். என் முதல் ஓட்டு அதற்குத்தான்.

சார்ட்டுக்கு அளவு உண்டா? அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 101 விதித்தொகுப்பு, தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லாத பள்ளிக் கட்டடத்தில் சுவர்ப் பரப்பில் 20 சதவீதத்துக்குமேல் காகிதம் கூடாது என்கிறது. நம் கிராமத்துப் பள்ளிகளில் தெளிப்பானுக்கு எங்கே போவது? 20 அடிக்கு 20 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 800 சதுர அடி. 20 சதவீதம் 160. 22×28 அங்குல சார்ட் ஏறக்குறைய 37 ஒட்டலாம். கதவு, சன்னலைக் கழித்து 30 என்று வைத்துக்கொள்வோம். தாராளமாகப் போதும். வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார் என்று இண்டு இடுக்கில்லாமல் ஒட்ட வேண்டியதில்லை.

எங்கே ஒட்டுகிறோம் என்பது இதைவிடப் பெரிய விஷயம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கி ஓட இருந்தது குறுகலான படிக்கட்டு. கீற்று போய்விட்டது, அடுப்பு போகவில்லை. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்குப் பிறகு பல பள்ளிகளில் இரண்டு வேளை எரிகிறது. அதனால் மாடிப்படி, வராண்டா, கதவின் இரு பக்கம், சமையலறையை ஒட்டிய சுவர் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் மட்டும்தான். சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு எதுவும் வேண்டாம். சார்ட்டெல்லாம் வாசலுக்கு எதிர்ச் சுவரில், கொத்துக் கொத்தாக, நடுவில் வெறும் சுவர் தெரிய இருக்கட்டும்.

பந்தலை விடவே முடியாது என்பவர்கள் ஒரே ஒரு கம்பியைச் சுவரோரமாக, ஃபேனும் லைட்டும் இல்லாத பக்கத்தில் கட்டுங்கள். வாரத்துக்கு ஐந்தாறு படம் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றி, வரைந்த பிள்ளையிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.